ஸ்பானிஷில் படிப்பு, வேலைத் திட்டங்களைப் பற்றிப் பேச எதிர்கால வினைவடிவங்களை எல்லாம் மனப்பாடம் செய்தாக வேண்டுமா?

உடனே வேண்டாம். அன்றாடப் பேச்சில் 'வோய் ஆ' போட்டு, பின்னால் வினையின் மூலவடிவத்தை அப்படியே வைத்தால் போதும். 'வோய் ஆ எஸ்துதியார் மெதிசீனா' என்றால் மருத்துவம் படிக்கப்போகிறேன். படிக்கலாம் என்று எண்ணம் மட்டும் இருந்தால் 'பியென்சோ எஸ்துதியார்', வெறும் ஆசைதான் என்றால் 'மே குஸ்தாரியா எஸ்துதியார்'. நேர்முகத்தேர்வில் இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம்.

பலரும் தடுமாறுவது 'எப்போது, அப்போது' என்று பொருள்தரும் 'குவாந்தோ' வரும் இடத்தில். பட்டப்படிப்பை முடித்ததும் வேலை தேடப்போகிறேன் என்பதை இப்படிச் சொல்லுங்கள்: 'குவாந்தோ தெர்மினே லா கரேரா, வோய் ஆ புஸ்கார் த்ரபாஹோ'. முடிப்பது இன்னும் நடக்கவில்லை. ஆனாலும் அங்கே எதிர்கால வடிவம் வராது, 'தெர்மினே' என்ற சப்ஜங்க்டிவ் வடிவம்தான் (இன்னும் நடக்காததையும் உறுதியில்லாததையும் சொல்லும் வினைவடிவம்) வரும். தமிழிலும் 'முடித்ததும்' என்றுதானே சொல்கிறோம், அதனால் நமக்கு இது பழகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள், பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

அப்புறம், தொழிலின் பெயருக்கு முன்னால் 'ஒரு' என்று பொருள்தரும் ஸ்பானிஷ் சொல்லான 'உன்' (பெண்பாலில் 'உனா') வேண்டாம்: பொறியாளராக விரும்புகிறேன் என்பதற்கு 'கியேரோ செர் இன்ஹெனியெரோ', பெண்ணானால் 'இன்ஹெனியெரா'. நல்ல பொறியாளர் என்று அடைமொழி சேர்த்தால் மட்டும் 'உன் புவென் இன்ஹெனியெரோ', 'உனா புவெனா இன்ஹெனியெரா'.