சாவியைத் திருப்பினால் ‘டக்’ ஒலி மட்டும்: படகு மோட்டாரின் செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரியில் மீன்பிடி குத்தகை எடுத்திருக்கிறோம். வலைகளையும் மீன் பெட்டிகளையும் ஏற்றும் ஃபைபர் படகுக்காகக் காசிமேட்டிலிருந்து 25 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். சாவியில் ஸ்டார்ட் ஆகும் வகை. இழுக்கும் கயிறு கிடையாது. கோடையில் ஏரி வற்றியதும் கொட்டகையில் வைத்துவிட்டோம். இப்போது தண்ணீர் வந்து படகை இறக்கினால், சாவியைத் திருப்பும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரே ஒலி. மோட்டார் அசையவில்லை. புது பேட்டரி போட்டும் அதே நிலை. ‘செல்ஃப் மோட்டார் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?
— ஒரு வாசகர், காவேரிப்பாக்கம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். செல்ஃப் மோட்டார், அதாவது எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் சிறு மின்மோட்டார், கெட்டிருக்கவும் கூடும். ஆனால் அதைச் சோதிக்காமல் சொல்வது ஊகம். அவுட்போர்டு செல்ஃப் விலை உங்களுக்கே தெரியும். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு சாதாரண மல்டிமீட்டரோடு அரை நாள் ஒதுக்குங்கள்.

‘டக்’ என்ற ஒலி ஒரு நல்ல தகவல். அது ரிலே (சாவியின் சிறு கரண்டில் இழுபட்டு, செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இழுக்கும் சத்தம். அப்படியென்றால் ஃபியூஸ், சாவி, கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்ச் ஆகிய மூன்றும் வேலை செய்கின்றன. ஒலியே இல்லாவிட்டால்தான் அவற்றைத் தேட வேண்டும். அப்போதும் முதலில் கியர் நெம்புகோலை நியூட்ரலில் சற்று முன்னும் பின்னும் அசைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ‘டக்டக்டக்’ என்று அடுக்கடுக்காக வந்தால் பேட்டரி பலவீனம், அல்லது அதன் இணைப்பு தளர்வு. உங்களுடையது ஒற்றை ஒலி. ரிலேவை இழுக்கும் அளவுக்குக் கரண்ட் வருகிறது, செல்ஃபைச் சுற்றும் அளவுக்கு வரவில்லை. அல்லது வந்தும் செல்ஃபால் சுற்ற முடியவில்லை. இந்த இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

முதலில் இரண்டாவதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். மேல் மூடியைத் திறந்து, எஞ்சின் உச்சியில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் செல்லும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் கீழே உள்ள வாட்டர் பம்ப்பின் ரப்பர் இறக்கைகள் மடங்கிக் கெட்டுப்போகும். தடையில்லாமல் சுற்றினால் எஞ்சின் இறுகவில்லை என்று நிம்மதி அடையலாம். பிளக் துளையிலிருந்து தண்ணீர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வேறு நோய், செல்ஃபுக்குத் தொடர்பில்லை. சுற்றவே மறுத்தால் துளைகளில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள். சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள். ஃப்ளைவீலின் உட்புறம் காந்தங்கள் இருக்கின்றன; அவை உடைந்தால் செலவு பல மடங்காகிவிடும்.

கொட்டகையில் கிடந்த மோட்டாரில் இன்னொன்றும் நடக்கும். செல்ஃபின் தண்டில் ஏறி இறங்கும் சின்னப் பற்சக்கரம் துருவோடு ஃப்ளைவீல் பற்களில் சிக்கி நின்றுவிடும். கண்ணால் பார்த்தாலே தெரியும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கெட்டியான கிரீஸ் போட்டால் புழுதி ஒட்டி மறுபடியும் சிக்கும்.

எஞ்சின் கையில் சுற்றுகிறது என்றால் பிளக்குகளையும் பேட்டரியின் மைனஸ் வயரையும் திரும்ப மாட்டி, படகைக் கரையில் கட்டி, மோட்டாரின் கீழ்ப்பகுதி தண்ணீருக்குள் இருக்கும்படி இறக்கிக்கொண்டு அளவு எடுங்கள். மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் வேண்டாம். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். முள் 9.6-க்கும் கீழே விழுந்தால், புதிது என்று வாங்கிய பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருக்கிறது. அல்லது செல்ஃப் உள்ளே இறுகி அளவுக்கு மீறி இழுக்கிறது. 12-க்கு மேலேயே அசையாமல் நின்றால், கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. உங்கள் படகில் இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

குழாயில் ஈரம் கசிவது வேறு, குடம் நிறைவது வேறு. வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சை பூத்த ஒரு இணைப்பு வழியாக மீட்டரை நகர்த்தும் அளவுக்கும் ரிலேவை இழுக்கும் அளவுக்கும் கரண்ட் கசியும். செல்ஃப் கேட்பதோ பல பத்து ஆம்பியர். அந்தக் கனம் வரும்போது இணைப்பு கைவிட்டுவிடும். அதனால்தான் ‘எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டுகிறதே’ என்று பலர் குழம்பிப்போகிறார்கள்.

இதைப் பிடிக்க ஒரே வழி, சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதே அளப்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் குமிழில் வைத்து, மறு முனையைச் செல்ஃபின் தடித்த டெர்மினலில் வையுங்கள். நல்ல வழியில் அரை வோல்ட்டுக்குள் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் வழியில் தொலைகிறது. 12-ஐ ஒட்டிக் காட்டினால் வழி முற்றிலும் அடைபட்டிருக்கிறது. பிறகு மறு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, அங்கேதான் பழுது. ரிலேவின் இரு தடித்த டெர்மினல்களுக்கு நடுவில் குறைந்தால், ரிலேவுக்குள் செம்புத் தகடுகள் கருகியிருக்கின்றன. ரிலேவை மட்டும் மாற்றினால் போதும். செல்ஃபின் விலையில் அது சிறு பகுதி. அடுத்து இதே சோதனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழுக்கும் செல்ஃபின் உடலுக்கும் இடையே செய்யுங்கள். எர்த் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பழைய மோட்டார்களில் பாதித் தொல்லை அங்கேதான்.

உங்கள் மோட்டார் கடலில் உழைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள். ஏரித் தண்ணீர் நன்னீர்தான், ஆனால் வயருக்குள் புகுந்த உப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. மேலே ரப்பர் பளபளப்பாக இருக்கும். வயர் முனையில் உள்ள உலோக வளையமான லக்குக்கு அருகே லேசாக வளைத்தால் நொறநொறவென்று நொறுங்கும். அப்படி இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, வயரையே மாற்றுங்கள். மற்ற இணைப்புகளை உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து, ஸ்பிரிங் வாஷரோடு முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கையால் திருகும் பட்டாம்பூச்சி நட்டுகளைத் தூக்கிப் போடுங்கள். படகின் அதிர்வுக்கு அவை தாங்காது.

இரண்டு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் காட்டி, செல்ஃபின் டெர்மினலில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சுற்றவில்லை என்றால், அப்போது குற்றம் செல்ஃபினுடையது. அப்போதும் புதிது வேண்டாம். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை உங்கள் ஊர் வழியாகவே போகிறது. லாரிகளுக்குச் செல்ஃப், டைனமோ வேலை செய்யும் பட்டறைகளுக்கு வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கம் பஞ்சமில்லை. தேய்ந்த கார்பன் பிரஷ், புஷ் மாற்றுவது அவர்களுக்குத் தினசரி வேலை. பிரிக்கும் முன் உடலிலும் இரு மூடிகளிலும் ஒரே நேராகக் கோடு கீறச் சொல்லுங்கள். காந்தக் கூட்டைத் திருப்பிப் பூட்டிவிட்டால் சில செல்ஃப்கள் எதிர்த்திசையில் சுற்றும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ரிலேவின் இரு டெர்மினல்களையும் ஸ்குரூ டிரைவரால் இணைத்துப் பார்க்காதீர்கள், யார் செய்து காட்டினாலும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க். பறக்கும் பொறி ஒன்று போதும். நியூட்ரல் சுவிட்சையும் அது தாண்டிவிடுவதால், கியரில் கிடந்தால் புரொப்பல்லர் உடனே சுழலும். வலையை எடுக்கத் தண்ணீரில் நிற்கும் ஆளின் காலைப் பற்றி யோசியுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பீய்ச்சி வருகிறதா என்று முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் காய்ந்த பம்ப் ரப்பர் உதவாமல் போயிருக்கலாம். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், சார்ஜ் செய்யும் ரெக்டிஃபையர் கருகிவிடும். எல்லாம் செய்தும் ‘டக்’ ஒலி மட்டுமே வந்தால், ஓய்வு வோல்ட், சாவியைப் பிடித்தபோது காட்டிய வோல்ட், பிளஸ் பக்கமும் எர்த் பக்கமும் தொலைந்த வோல்ட் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள்; அவற்றை வைத்து அடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன்.