வீரிய ஒட்டும் மலட்டு விதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு விளைந்த வீரிய ஒட்டுக் கம்பில் நல்ல கதிர்களாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தேன். இம்முறை விதைத்ததில் எல்லாம் முளைத்தன. ஆனால் பயிர் ஏற்ற இறக்கமாக வந்து, கதிர்களும் சிறுத்துவிட்டன. மலட்டு விதை என்கிறார்கள் ஊரில். வீரிய ஒட்டு என்பதற்கு அதுதான் பொருளா?

— ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

முளைத்துக் கதிர்விட்ட விதையை மலடு என்பது பொருந்தாது. பண்பு மாறாமல் வரும் இரு வேறு தூய வழிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை, பெற்றோர் இரண்டையும் விஞ்சி விளைவதைக் கலப்பின வீரியம் என்பர். அந்த முதல் தலைமுறை விதையே வீரிய ஒட்டு. அதன் செடிகள் ஏறத்தாழ ஒரே மரபமைப்பு உடையவை என்பதால் பயிர் சீராக நிற்கும். அடுத்த தலைமுறையிலோ, தாய்வழியும் தந்தைவழியும் வந்த மரபணுக்கள் பிரிந்து செடிக்குச் செடி வேறாகச் சேர்கின்றன. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் மறைந்த குட்டை அடுத்ததில் நாலில் ஒரு பங்காகத் திரும்பியதை மெண்டல் 1866இலேயே எழுதிவிட்டார். கம்பின் விளைச்சலிலோ பல மரபணுக்களுக்குப் பங்குண்டு; அதனால்தான் உங்கள் பயிரில் அவ்வளவு ஏற்ற இறக்கம்.

மலடு என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. கம்பின் நுண்ணிய பூக்களில் கையால் மகரந்தத்தை நீக்கி விதை உற்பத்தி செய்வது நடவாத காரியம். ஆகவே 1965இல் பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வெளிவந்த ஹெச்.பி. 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு தொடங்கி, மகரந்தம் உண்டாகாத தாய்வழியைப் பயன்படுத்துகிறார்கள். அக்குறையை நீக்கும் மரபணு தந்தைவழியில் வந்துவிடுகிறது. எடுத்து வைத்த விதையில் சில செடிகளுக்கு அந்த மரபணு வாய்க்காமல் மகரந்தப்பை சூம்பிப்போகும். பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து மணி பிடித்துவிடுவதால் அது நம் கண்ணில் படுவதில்லை. மறுதலைமுறை முளைக்காதபடி செய்யும் நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. அது விற்பனைக்கு வரவே இல்லை.

ஒட்டு என்ற சொல்லும் குழப்பம் தரும். மாங்கன்றின் ஒட்டில் மரபு கலப்பதில்லை, தாய்மரத்தின் பண்பே தொடர்கிறது. இங்கோ கலப்பதுதான் எல்லாம். ஆகவே எழுதும்போது கலப்பினம் என்பேன். விதைக்கடையில் மட்டும் ஒட்டு என்றே கேட்பேன்.

கோயம்புத்தூரில் உருவாகி 1918இல் வெளியான கோ 205 கரும்பும் கலப்பினமே. தண்டுத் துண்டாகிய கரணையாக நடுவதால் அதன் பண்பு மாறவில்லை. கம்புக்கு அந்த வழியில்லை. விதை எடுத்து வைப்பதே உங்கள் விருப்பமென்றால் பல வழிகளைக் கலந்து, தங்களுக்குள் மகரந்தம் பரவவிட்டுப் பெருக்கிய கூட்டு ரகம் ஒன்றை வாங்கி, வயலின் நடுப்பகுதியில் பல செடிகளிலிருந்து கதிர் தேர்ந்து வையுங்கள்.