‘இந்த வாய்ப்பு திரும்ப வராது’ என்கிறார் கணவர். கார்டு கடனோ ஏறிக்கொண்டே போகிறது

கேள்வி: ஐயா, என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் ஸ்டாஃப் சார்ஜென்ட். கோவைக்காரர். தமிழ் தெரிந்ததால் 2014-ல், வெளிநாட்டவரை மொழித் திறமைக்காகப் படையில் எடுத்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவர். இப்போது ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் மூன்று வருடப் போஸ்டிங். 14 மாதம் ஓடிவிட்டது. பிள்ளைகளுக்கு வயது 8, 4. வந்த நாளிலிருந்து ஊர் சுற்றுகிறோம்: பாரிஸ், வெனிஸ், ஆம்ஸ்டர்டாம். கிரெடிட் கார்டில் 4,800 டாலர் நிற்கிறது, வட்டி 24 சதவீதம். சேமிப்பு 3,000 டாலர். எல்லாச் செலவும் போக மாதம் 900 டாலர் மிஞ்சும். அதில் 600 டாலருக்கு மேல், வெளிநாட்டு விலைவாசிக்காகத் தரும் கோலா படிதான். கிறிஸ்துமஸுக்கு கார்மிஷில் ராணுவ ரிசார்ட், கோடையில் கேம்பர் வண்டி எடுத்து இத்தாலி என்று அவர் திட்டம் போடுகிறார். நான் பிள்ளைகளோடு இரண்டு மாதம் கோவை போக வேண்டும் என்கிறேன். டிக்கெட்டுக்கு மட்டும் 3,600 டாலர். ‘கோலா இருக்கிறதே, அது சுற்றுவதற்குத்தானே’ என்கிறார். அம்மாவோ போனில் ‘காசைத் தண்ணியா விடறீங்க’ என்று திட்டுகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: அம்மா சொல்வது பாதி சரி, கணவர் சொல்வது பாதி சரி. கோலா விஷயத்தில் மட்டும் அவர் முழுத் தப்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோலா என்பது நம்மூர் அகவிலைப்படிக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் 100 டாலருக்கு வாங்குவதை ஜெர்மனியில் வாங்க எவ்வளவு கூடுதலாக ஆகிறதோ, அந்த இடைவெளியை நிரப்பத் தருவது. வரி கிடையாது என்பதால் இனிக்கிறது. ஆனால் அது அடிப்படைச் சம்பளம் போல நிலையானதல்ல. யூரோவின் மதிப்பு மாறினால் அதுவும் மாறும். 2022-ல் யூரோவும் டாலரும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்று வந்தபோது ஜெர்மனியில் இருந்த குடும்பங்களுக்குக் கோலா குறைந்தது. கோலா ஏறுகிற மாதத்தில் கணவர் சந்தோஷப்படுவார். உண்மையில் அந்த மாதம் யூரோ விலை ஏறியிருக்கிறது. இத்தாலி ஓட்டலும் உங்களுக்கு அதே அளவு ஏறியிருக்கும்.

நீங்கள் ராணுவ மளிகைக் கடையான கமிசரியில் வாங்கி, வீட்டில் சமைத்து, அந்தப் படியில் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்றால் அது உங்கள் சாமர்த்தியம். அந்த மிச்சத்தைச் செலவழிக்கலாம். ஆனால் அடுத்த வருடம் வரப்போகிற கோலாவை நம்பி இன்றைக்குக் கார்டு தேய்க்கக் கூடாது.

கோவைப் பயணத்தில் இதே கோலாதான் உங்கள் காலைப் பிடிக்கும். குடும்பத்தார் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் படி கணக்கிடுகிறார்கள். நீங்களும் பிள்ளைகளும் 30 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் உங்கள் மூவருக்கான பங்கு குறையும். அதைக் கணவர் நிதி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சில மாதம் கழித்து, ‘கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்’ என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அது எப்போதும் கையில் காசில்லாத மாதத்தில்தான் வந்து சேரும். ஆகவே கோவைக்கு 28 நாள் போய் வாருங்கள். தாத்தா பாட்டிக்கு இரண்டு மாதம் வேண்டும்தான். இந்த முறை மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி கடன். 4,800 டாலருக்கு 24 சதவீதம் என்றால் மாதம் 96 டாலர் வட்டி. உங்கள் பக்கத்து விமானப்படைத் தளமான ராம்ஸ்டைனிலிருந்து காரில் கிளம்பி, டிரியரில் ரோமானியர் கட்டிய போர்ட்டா நிக்ரா வாசலைப் பார்த்து, நதிக்கரையில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுகூட ஆகாது. மாதம் ஒரு பயணத்தை வங்கிக்காரர் உங்கள் செலவில் போய் வருகிறார். அடுத்த ஏழு மாதத்துக்கு 900-ல் 750-ஐக் கார்டுக்குக் கட்டுங்கள். ஏழாவது மாதம் கொஞ்சம் குறைவாகவே கட்ட வேண்டியிருக்கும், கடன் தீரும். ராணுவத்தினருக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடையாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகை பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடனுக்குத்தான். உங்களுடையது அப்படியல்ல. கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவு நிதி நிறுவனத்தில் வட்டி குறைந்த தனிநபர்க் கடன் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கார்டை மறுபடி தேய்க்க மாட்டோம் என்ற உறுதி இருந்தால் மட்டும். உங்கள் முகாமிலேயே ராணுவக் குடும்பங்களுக்கு உதவும் ஏ.சி.எஸ். அலுவலகத்தில் இலவச நிதி ஆலோசகர் இருப்பார். நான் எழுதுவதை அவரிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஒன்றை மட்டும் கடனுக்காகக்கூட நிறுத்தாதீர்கள். கணவர் 2018-ல் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியிருந்தால், டி.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் அடிப்படைச் சம்பளத்தின் 5 சதவீதம் அவர் போடும்போது அரசும் 5 சதவீதம் போடும். சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பாருங்கள். 3 சதவீதத்தில் நின்றிருந்தால் இன்றைக்கே ஏற்றச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஏழு மாதம் வீட்டிலேயே அடைந்து கிடப்பதா? வேண்டாம். மாதம் 150 டாலர் கையில் இருக்கும். நீங்கள் இருக்கும் இடத்தின் அருமை அப்போதுதான் தெரியும். வாசலைத் தாண்டினால் ஃபால்ஸ் காடு. அது அப்படியே பிரான்ஸின் வோஸ்ஜ் மலைக்காட்டோடு சேர்ந்து, இரு நாட்டு உயிர்க்கோளக் காப்பகமாக நிற்கிறது. நடைபாதைகளில் நடந்து களைத்தால் நடுக்காட்டில் குடில்கள். சூப்பும் ரொட்டியும் மலிவாகக் கிடைக்கும். பல இடங்களில் கார்டு வாங்க மாட்டார்கள், சில்லறை யூரோ எடுத்துப் போங்கள். டான் ஊர்ப் பக்கம் செம்பாறைகள், ஃபிஷ்பாக்கில் மரங்களின் உச்சி உயரத்தில் நடக்கும் பாலம், மோசல் ஆற்றங்கரை, எல்ட்ஸ் கோட்டை. ஸ்ட்ராஸ்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள். இரவு தங்க வேண்டாத பயணம்தான் குடும்பத்துக்கு மலிவான பயணம். ஓட்டல் வாடகை விழுந்தால் பட்ஜெட்டில் பாதி விழுந்தது மாதிரி.

கணவர் பெயரைச் சொல்லி நீங்கள் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் இன்னொன்று, முகாமில் உள்ள அவுட்டோர் ரெக்ரியேஷன் அலுவலகம். விமானப்படைக்கும் தரைப்படைக்கும் தனித்தனியாக உண்டு. கூடாரம், பனிச்சறுக்குப் பலகை, கயாக், சைக்கிள் என்று வாடகைக்குத் தருவார்கள். என் அனுபவத்தில் வாங்குகிறவர்கள்தான் பணத்தைக் கரைக்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்த வேகத்தில் நாலு பேருக்கும் பனிச்சறுக்குச் சாமான் வாங்கி, இரண்டே முறை போட்டுவிட்டு, அடுத்த வருடம் பிள்ளைகளின் கால் வளர்ந்துவிட்டது என்று பரணில் ஏற்றிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். போஸ்டிங் முடியும்போது அதுவும் எடையாக நிற்கும். உங்கள் கணவரின் பதவிக்குக் குடும்பத்தோடு 11,000 பவுண்டு வரைதான் அரசு செலவில் சாமான் அனுப்பலாம், மீறினால் கைக்காசு. சைக்கிள் போல எதையாவது ஜெர்மன் கடையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன்பே வாட் படிவம் எடுத்துக்கொண்டு போங்கள், 19 சதவீத வரி மிச்சம். வாங்கிய பிறகு படிவம் எடுத்துப் பயனில்லை. கடைக்காரர் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, முதலில் கேட்டுவிடுங்கள்.

அந்த அவுட்டோர் ரெக்ரியேஷன் அலுவலகத்தில் பஸ் சுற்றுலாக்களும் நடத்துவார்கள். தனியாக இருக்கும் சிப்பாய்க்கு அது லாபம். நீங்கள் நாலு பேர், தலைக்கு இவ்வளவு என்று நாலால் பெருக்குங்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் சொந்தக் கார் ஜெயிக்கும். நள்ளிரவில் கிளம்பி மறுநாள் நள்ளிரவில் திரும்புகிற பஸ்ஸில் நாலு வயதுப் பிள்ளையோடு நீங்கள் படப்போகிற பாட்டுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

கார்மிஷுக்கு வருவோம். அங்குள்ள ராணுவ ரிசார்ட்டான எடெல்வைஸில் பதவியைப் பொறுத்து வாடகை, கீழ்ப்பதவிக்குக் குறைவு. ஜெர்மனியின் மிக உயரமான சிகரம் சுக்ஸ்பிட்ஸே, 2,962 மீட்டர், அங்கேதான். போக வேண்டிய இடம்தான், ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் வேண்டாம். பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் மலைக்குப் படையெடுக்கும் வாரம் அது. உங்களுக்கு ஜெர்மானியருக்கு இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. நவம்பர் நான்காவது வியாழன் அமெரிக்காவுக்கு தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, படையில் பெரும்பாலும் நாலு நாள் சேர்ந்து வரும். ஜெர்மனிக்கு அது சாதாரண வேலை நாள். அந்த வாரம்தான் பல ஊர்களில் கிறிஸ்துமஸ் சந்தைகளும் திறக்கும். ஓட்டல் விலை டிசம்பர் கூட்டத்துக்கு ஏறியிருக்காது. அமெரிக்க விடுமுறைப் பட்டியலையும் நீங்கள் போகிற மாநிலத்தின் பள்ளி விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் பட்டியலில் விடுமுறையாகவும் இரண்டாவதில் இல்லாமலும் உள்ள நாட்கள்தான் உங்களுடையவை. ரிசார்ட் விலையைச் சமையலறையுள்ள வாடகைக் குடியிருப்பின் விலையோடும் ஒப்பிடுங்கள். குக்கரும் ரசப்பொடியும் எடுத்துப் போகிற குடும்பத்துக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் மலிவு. வழியில் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தால் சுங்கம் கட்டியதற்கான நெடுஞ்சாலை வில்லை (கண்ணாடியில் ஒட்டுவது) வேண்டும், குளிர்கால டயரும் வேண்டும். சுவிட்சர்லாந்து வழியாகப் போனால் அங்கே வருட வில்லை மட்டும்தான், 40 ஃபிராங்க்.

கார்டு தேய்க்கும் இடத்தில் ‘டாலரிலா, யூரோவிலா’ என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். டாலர் என்றால் அவர்கள் வைத்ததே மாற்று விலை. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதம் பிடிக்கிற கார்டா என்றும் பாருங்கள். அப்படியென்றால் கடன் தீர்ந்ததும் அதை வீட்டில் வைத்துவிட்டு வேறு கார்டு எடுங்கள்.

ராணுவ விமானத்தில் ஸ்பேஸ்-ஏ இருக்கை ஏறக்குறைய இலவசம். ராம்ஸ்டைன் அதற்குப் பெரிய மையம். ஆனால் இடமிருந்தால்தான் ஏற்றுவார்கள். திரும்பி வரும்போது இடமில்லை என்றால் தனியார் டிக்கெட் வாங்கும் பணம் கையில் இருக்க வேண்டும். இப்போது அது உங்களிடம் இல்லை. இந்தியாவுக்கு அந்த வழி உதவாது. அதனால் தள்ளிவையுங்கள்.

சேமிப்பில் இருக்கும் 3,000 டாலரைத் தொடாதீர்கள், கார்டை அடைக்கக்கூட. கோவையில் வயதான பெற்றோர் இருக்கும்போது, ஒரு ராத்திரி போன் வந்தால் மறுநாள் விமானம் ஏற வேண்டியிருக்கும். அதுவும் போதாமல் போனால் வட்டியில்லாக் கடன் தருகிற ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் இருக்கிறது. 1942-லிருந்து இதற்காகவே இயங்குவது. கார்டு தேய்ப்பதற்கு முன் அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

ஏழு மாதம் கழித்து 15 மாதம் பாக்கி, 900 வீதம் 13,500 டாலர். கோவைக்கு 3,600. கடைசி மாற்றலுக்கு 3,000 ஒதுக்குங்கள். அரசு அனுப்புவது ஒரு காரைத்தான். புது ஊரில் வீட்டு முன்பணம், பிள்ளைகள் பள்ளி, தங்குமிடம் என்று கைக்காசு போய்க்கொண்டே இருக்கும், படியெல்லாம் பிறகு வரும். முன்கூட்டிச் சம்பளம் வாங்கலாம் என்பார்கள், அதுவும் திருப்பிப் பிடிக்கப்படுகிற கடன்தான். மீதி 6,900. அதில் 4,500-ஐ இரண்டு பெரிய பயணத்துக்கு வையுங்கள்: கார்மிஷுக்கு 2,000, இத்தாலிக்கு 2,500. மிச்சம் 2,400, மாதம் 160. காட்டுக்கும் கோட்டைக்கும் அது போதும். கேம்பர் வண்டி ஆசையைக் கணவர் விட மாட்டார் என்றால், முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பக்கத்து மோசல் கரையில் இரண்டு இரவு படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தாலிக்குப் பத்து நாள் எடுப்பதா என்று அதன் பிறகு அவரே சொல்வார். கோலா குறைந்தால் முதலில் வெட்டு விழுவது இத்தாலிக்கு. கோவைக்கும் மாற்றல் பணத்துக்கும் அல்ல.

அம்மாவுக்கு ஒரு சேதி. ஜெர்மனியிலேயே ஹாம் நகரத்தில், ஈழத் தமிழர் எழுப்பி 2002-ல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ராஜகோபுரத்தோடு. கோடைத் தொடக்கத்தில் தேர். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். காரில் நாலு மணி நேரம், ஓர் இரவு தங்கினால் போதும், 160-க்குள் முடிக்கப் பாருங்கள். வீடியோ காலில் அம்மாவுக்குத் தேரைக் காட்டுங்கள். அன்றைக்குத் திட்டு விழாது என்று நினைக்கிறேன்.