வாசகர் கேள்வி–பதில்: பைன் மரம்

கேள்வி: கொடைக்கானல் பைன் மரங்களை இனம் கண்டுகொள்வது எப்படி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பழனி, நீலகிரி மலைகளில் பரவலாக நடப்பட்டது மெக்சிகோவைச் சேர்ந்த பைனஸ் பட்டுலா. எட்டி நின்றாலே தெரியும்: ஊசியிலைகள் விறைத்து நிற்காமல் தொங்கும். உதிர்ந்த கொத்து ஒன்றை எடுத்து எண்ணுங்கள். அடியில் சின்ன உறைக்குள் மூன்று ஊசி, சிலவற்றில் நான்கு. நீளம் 15 முதல் 25 செ.மீ.

எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். இமயமலையின் சிர் பைனுக்கும் மூன்றுதான். பட்டையைப் பாருங்கள். பட்டுலாவின் அடிமரம் சாம்பல் கலந்த பழுப்பு, தடித்து நெடுக வெடித்திருக்கும். மேலே போகப் போகச் செம்மஞ்சளாகி மெல்லிய செதில்களாக உரியும். காய் 7–10 செ.மீ.; காம்பே இல்லாத மாதிரி கிளையோடு ஒட்டி, கூட்டமாக, பின்னோக்கி வளைந்திருக்கும். சிர் பைன் காய் இதைவிட நன்றாகப் பெரியது.

இலங்கை மலையகத்தில் நிற்பது பெரும்பாலும் பைனஸ் கரிபியா. அதன் காய் முற்றியதும் தானே விரியும்.

கேள்வி: பொறுக்கி வந்த பட்டுலா காய் மாதக்கணக்கில் விரியவில்லை. பிஞ்சா?
– வாசகர், மதுரை

பதில்: பச்சையாக இருந்தால் பிஞ்சு. மஞ்சள் பழுப்பில் பளபளவென்று கெட்டியாக இருந்தால் முற்றியதுதான். செதில்களைப் பிசின் ஒட்டிவைத்திருக்கிறது. காட்டுத்தீயோ கடும் வெயிலோ பட்டால்தான் இளகும். அதுவரை பல ஆண்டுகள்கூட மூடியபடியே கிளையில் கிடக்கும்.

தகரத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். மதுரை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! மின் அடுப்பு (oven) என்றால் 50 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம். சூட்டைக் கூட்டினால் காய் சீக்கிரம் விரியும், விதை கெட்டுவிடும். பிசின் சொட்டும், அடியில் தட்டு அவசியம். விரிந்ததும் ஆறவிட்டுக் கவிழ்த்துத் தட்டுங்கள். விதை 5 மி.மீ.தான், சிறகுதான் நீளம். காயின் அடியிலும் நுனியிலும் உள்ள செதில்களில் நல்ல விதை தேடாதீர்கள்.

கேள்வி: நாற்று விரல் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. உரம் போடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தண்ணீர் தேங்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை வேரில்தான். பைன் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இல்லாவிட்டால் மண்ணிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) நாற்றால் போதுமான அளவு எடுக்க முடியாது. வளர்ந்த பைன் மரத்தடியில் சருகை விலக்கி, மேல்மண்ணை எடுத்து, பத்துப் பங்கு தொட்டி மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து மாற்றி நடுங்கள். உரத்தை அள்ளிப் போட்டால் பூஞ்சை வேரில் பிடிக்காது.

தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறகு விதை காற்றில் பறந்து, மலைப் புல்வெளிகளில் பட்டுலா தானாகவே முளைத்துப் பரவிக்கொண்டிருக்கிறது.