உங்கள் கைக்கும் பேர் போடுங்கள்

கேள்வி: அக்கா, தெரிந்தவர் ஒருவரின் பிள்ளைக்கு ஜேர்சி பின்னிக் கொடுத்தேன். நூல் காசை மட்டும் தந்துவிட்டு, "வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு பின்னியதுதானே, இதற்கு என்ன கூலி" என்கிறார்கள். பேசாமல் வந்துவிட்டேன். விலையை எப்படிச் சொல்வது? (வாசகி, ஹட்டன்)

பதில்: தங்கச்சி, வாசித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, உங்கள் மேல் இல்லை. சரி, கணக்குப் பார்ப்போம். 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணி (ஊசியில் போடும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 28 வரிசை வருகிற நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 30 சென்ரிமீற்றர் அகலம், 35 நீளம் என்றால் 60 கண்ணி, 98 வரிசை, ஆக 5,880 கண்ணி. பின்பக்கத்தையும் சேர்த்தால் 11,760. நிமிடத்துக்கு 25 கண்ணி போடுகிற கைக்கே அது எட்டு மணி நேரத்துக்குக் கிட்ட வரும், இன்னும் கைகளையும் கழுத்தையும் தொடவே இல்லை, பிழையாகிப்போய்ப் பிரித்ததும் துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததும் வேறு. தேயிலை மலைக்குப் போனால் கொழுந்தை நிறுத்துப் பேர் போடுகிறார்கள், அதாவது ஒரு நாள் கூலியைக் கணக்கில் எழுதுகிறார்கள், நிறை குறைந்தால் அரைப்பேராவது விழும். அடுப்பில் பருப்பு வேகும்போதும் பிள்ளை தூங்கும்போதும் நீங்கள் பின்னிய நேரத்துக்குப் பேர் போட ஆள் இல்லை, நீங்களே போட வேண்டும். ஒரு கொப்பி வைத்து, ஊசியை எடுத்த நேரமும் வைத்த நேரமும் எழுதுங்கள். நூலுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று வேலையை ஏற்கும்போதே சொல்லி, நூல் காசை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குத் தொங்குகிற ஜேர்சி விலையைக் காட்டுவார்கள். அது மெஷின் பின்னியது என்று சொல்லுங்கள். குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது) என்றால் இன்னும் உறுதியாகப் பேசலாம், அதை அப்படியே போடுகிற மெஷின் கடைத்தெருவுக்கு வரவில்லை, மலிவாகக் கிடைக்கிற குரோஷே சட்டைக்குப் பின்னாலும் கூலி குறைவாக வாங்கிய ஒரு கை இருக்கிறது.

சொந்தக்காரருக்குச் சும்மா கொடுக்க ஆசையா? கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய நூல் சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தேன். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் அம்மாயியின் கம்பளியை வைத்தேன். சுடுதண்ணீரில் துவைத்ததும் சுருங்கிக் கோணலாகிவிட்டது. காப்பாற்ற முடியுமா? (வாசகி, நானுஓயா)

பதில்: மேல்துணியைக் காப்பாற்றலாம். ஆட்டு ரோமத்தில் மிக நுண்ணிய செதில்கள் உண்டு, சூடும் கசக்கலும் பட்டால் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும், பிறகு இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. நூல் சேலை அப்படி இறுகாது, அதனால்தான் கோணல். தையலைப் பொறுமையாகப் பிரித்து, நடுவில் இரண்டு முறை துவைத்த பழைய பருத்தி விரிப்பை வைத்துத் தையுங்கள். மூடுபனி நாட்களில் கம்பளியை விட அது சீக்கிரம் காயும், நாற்றமும் வராது.

அந்தக் கம்பளியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மாயி எத்தனை மழையில் கொழுந்து எடுத்திருப்பார்! நன்றாக இறுகிய கம்பளியை வெட்டினாலும் ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் தேவையில்லை. ஒரு ஊசிப்பை வெட்டுங்கள், மிச்சத்தில் காலுக்கு வீட்டுச் செருப்பு ஒரு சோடி வரும்.