வரும் ஆண்டுக்குப் பயிற்சித் திட்டம்: துப்பாக்கி சுடுதல் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடுத்த ஆண்டுப் பயிற்சியைப் பற்றியவை. எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த ஈவென்ட், என்ன வயது, இப்போதைய ஸ்கோர் என்ன என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஆண்டு முழுவதற்கும் எப்படித் திட்டம் போடுவது? (கோவை வாசகர்)

போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நேஷனல்ஸ், அதாவது தேசியப் போட்டி, பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் வரும். தகுதிப் போட்டிகள் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். உங்கள் முதல் தகுதிப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்து வாரத்துக்கு இரண்டு முழு மேட்ச் சுடுங்கள், கடிகாரம் வைத்து, 75 நிமிடத்தில் 60 ஷாட். அதற்கு முந்தைய இரண்டு மாதம் பத்து பத்து ஷாட்டாக ஸ்கோர் எழுதிப் பாருங்கள். அதற்கும் முன்னால் உள்ள காலம் முழுக்க ஸ்டான்ஸுக்கும் (நிற்கும் நிலை) டிரிகருக்கும் (விசை இழுப்பு)தான். அப்போது ஸ்கோரே வேண்டாம், ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் டார்கெட் மானிட்டரைத் திருப்பி வையுங்கள். முக்கியமான போட்டி முடிந்ததும் பத்து நாள் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

எதற்கு? ரைஃபிளா, பிஸ்டலா, பறக்கும் தட்டைச் சுடும் டிராப்பா? ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிதான் பதில்: கவனம் நிற்கிற வரைக்கும்.

பிஸ்டலில் ஒரு வருடமாக 600க்கு 545லேயே நிற்கிறேன். புது கிரிப் (கைப்பிடி) வாங்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஷாட்டும் போனவுடன், மானிட்டரைப் பார்க்கும் முன்பே அது எங்கே போயிருக்கும் என்று எழுதுங்கள். எழுதியதும் விழுந்த இடமும் ஒத்துவராத ஷாட்டுகளில்தான் உங்கள் குறை இருக்கிறது. கூடவே வாரம் ஐந்து நாள் வீட்டில் இருபது நிமிடம் டிரை பிராக்டிஸ், அதாவது குண்டு போடாமல் பயிற்சி. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, ஃப்ரண்ட் சைட்டில் (குழல் முனையிலுள்ள குறிமுள்) மட்டும் கண்ணை வைத்து டிரிகரை எடுங்கள். எட்டு செகண்டுக்குள் ஷாட் போகவில்லையென்றால் கையை இறக்கிவிட வேண்டும். இறக்கப் பழகாதவர்களுக்குத்தான் ஏழும் எட்டும் விழுகின்றன.

துப்பாக்கியில் டிரை ஃபயர் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைக் காலியாகச் சுட்டால் பிஸ்டன் அடிவாங்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் குண்டு போடும் சேம்பரைப் பாருங்கள், அது காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக் போடுங்கள்.

மகனுக்கு 13 வயது. ஏப்ரலில் 15 நாள் கேம்ப் சேர்க்கிறோம். மாநிலப் போட்டிக்கு அது போதுமா? (சென்னை வாசகி)

போதாது, அம்மா. இதைப் பல தடவை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் எடுத்ததைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஆசை வருவது நல்ல விஷயம். அந்த ஆசையை வைத்துக் காசு பார்க்கும் கேம்ப்கள்தான் என் கவலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துப்பாக்கிக்கு ஆறு பிள்ளைகள், தினம் ஒரு மணி நேரம் என்றால் உங்கள் மகன் கையில் துப்பாக்கி இருப்பது பத்து நிமிடம். 15 நாளுக்கு இரண்டரை மணி நேரம். அதிலும் துப்பாக்கியை மேசையில் சாய்த்து வைத்துச் சுடவிடுவார்கள். பத்து விழும், பிள்ளை துள்ளும், நீங்கள் வீடியோ எடுப்பீர்கள். போட்டியில் மேசை கிடையாது. நான்கு கிலோவுக்கு மேல் உள்ள ரைஃபிளை நின்றபடி தாங்க வேண்டும். ஏர் ரைஃபிளின் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். மேசையில் பழகிய பிள்ளை முதன்முதலாக நின்று சுடும்போது ஐந்தும் ஆறும் விழுந்து மனசு விட்டுப்போகிறது. எடை தாங்காமல் முதுகைக் கோணலாக வளைத்துப் பழகிவிட்டால் அதை நிமிர்த்த இன்னொரு வருடம் வேண்டும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு துப்பாக்கிக்கு எத்தனை பிள்ளைகள்? நின்று சுடச் சொல்லித் தருவார்களா? முதல் பெல்லட் (ஏர் துப்பாக்கிக் குண்டு) போடுவதற்கு முன் பாதுகாப்புக்கு எவ்வளவு நேரம்? "முதல் நாளே சுடலாம்" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதே பணத்தை ஒரு ரைஃபிள் கிளப்பில் ஆறு மாதத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு நாள் அனுப்புங்கள். மாநிலப் போட்டியை இந்த ஆண்டு வேடிக்கை பார்க்கட்டும், அடுத்த ஆண்டு சுடட்டும்.

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (சேலம் வாசகர்)

போட்டிக்கான .177 (காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், 0.177 அங்குலம்) பிஸ்டலுக்கு வேண்டாம். 20 ஜூலுக்கு மேல் சக்தியோ .177க்கு மேல் காலிபரோ உள்ள ஏர் துப்பாக்கி என்றால் 2016 ஆயுத விதிகளின் கீழ் வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

விலை கூடிய பெல்லட் வாங்கினால் ஸ்கோர் ஏறுமா? (ஈரோடு வாசகர்)

560 தாண்டும் வரை ஏறாது. தாண்டியபின் நாலைந்து பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வாங்கி, உங்கள் பேரலில் (குழல்) எது நெருக்கமாக விழுகிறது என்று சோதித்து, அந்த பேட்சிலேயே ஆண்டுக்குத் தேவையானதை மொத்தமாக எடுத்துவிடுங்கள். பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள்.

ஏர் துப்பாக்கியின் பழைய காற்றுச் சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா? (வேலூர் வாசகர்)

பத்து வருடம் ஆகிவிட்டால் மாற்றுங்கள். 200 பார் அழுத்தம் அது. தேதி சிலிண்டரிலேயே இருக்கும்.

லைசென்ஸ் ரிவால்வர் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் தோப்பிலேயே சுட்டுப் பழகிக்கொள்ளலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

கூடாது. சின்ன .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். தென்னை மரம் அதைத் தடுக்காது, மரத்தில் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை என்பதும் பயிற்சி ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ரைஃபிள் கிளப் ரேஞ்சில், கோச் பக்கத்தில் நிற்க ஐம்பது ரவுண்டு சுடுங்கள். போகும் முன் கிளப்பில் பேசி, லைசென்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். கல்யாணம், திருவிழா என்று வானத்தை நோக்கிச் சுடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். வீட்டில் வைக்கும்போது ரிவால்வர் ஒரு பூட்டில், ரவுண்டு வேறு பூட்டில். வைக்கும் முன் ரவுண்டு போடும் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.