தங்கையின் கேரக்டருக்குப் பெயர் இல்லையா?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர், என் தங்கை, நான் என ஐந்து பேர் ஆறு மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்: ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. 2014 விதிகள். நண்பனின் அண்ணன்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துபவர். மாதம் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு செஷனும் மூன்று மணி நேரம். இப்போது நான்காம் லெவல். என் கேரக்டர் ஒரு ரோக், பதுங்கித் தாக்கும் திருடன் வகை. பெற்றோரை இழந்து, யாரையும் நம்பாமல் தனியாக வளர்ந்தவன். அவனுக்கு 12 பக்கம் முன்கதை எழுதியிருக்கிறேன். ஆனால் மேஜையில் வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. குரலை மாற்றிப் பேசினால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒருமுறை குழுவின் பணத்தைத் திருடினேன். "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்றேன், எல்லோரும் கடுப்பாகிவிட்டார்கள். சண்டையில் மட்டும் நான் கில்லாடி, முதல் ஆளாகப் பாய்வேன். விழுந்தாலும் தங்கை எழுப்பிவிடுவாள். அவள் ஒரு க்ளெரிக், கடவுள் அருளால் மந்திரம் சொல்கிறவள்; கேரக்டர் பெயர் சட்டென்று ஞாபகம் வரவில்லை. நல்ல ரோல்பிளேயர் ஆக என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: குரல் வரவில்லை, வசனம் வரவில்லை என்று இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. குரலைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆறு மாதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவள், உங்கள் கூடப்பிறந்தவள், அவள் கேரக்டரின் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை. மறதி என்று நழுவ வேண்டாம் தம்பி. உங்கள் ரோக்கின் செத்துப்போன அப்பா பெயரைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள்.

அவள் உங்களுக்காக என்ன செலவழிக்கிறாள் என்று ஒருநாளாவது அவள் கேரக்டர் ஷீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நான்காம் லெவல் க்ளெரிக்குக்கு முதல் நிலை ஸ்பெல் ஸ்லாட் (ஒரு மந்திரம் சொன்னால் ஒன்று செலவாகும்) 4, இரண்டாம் நிலை ஸ்லாட் 3. நீண்ட ஓய்வு எடுக்கும்வரை இந்த ஏழுதான். நீங்கள் முதல் ஆளாகப் பாய்ந்து, ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யத்துக்கு வந்து கிடக்கும்போது, 60 அடி தூரத்திலிருந்து அவள் ஹீலிங் வேர்ட் என்ற குணப்படுத்தும் மந்திரத்தைச் சொல்கிறாள். அது, முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் மந்திரம். அதைச் சொன்ன அவளுடைய முறையில், ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரமான கேன்ட்ரிப் தவிர வேறு மந்திரம் சொல்லக்கூடாது என்பது விதி. ஆக, ஒரு ஸ்லாட் மட்டும் போகவில்லை. அந்தச் சுற்றில் அவள் ஆசைப்பட்டு வைத்திருந்த பெரிய மந்திரமும் போகிறது. ஒரு செஷனில் நீங்கள் இரண்டு முறை விழுந்தால் அவள் விளையாட்டில் பாதி உங்களைத் தூக்கிவிடுவதிலேயே கழியும். தங்கை என்றால் தானாக வந்து தூக்குவாள் என்ற நினைப்பு வீட்டில் பழகியது, மேஜைக்கும் கூடவே வந்திருக்கிறது. மூத்தவனுக்குத்தான் கடமை முதலில், உரிமை அப்புறம். இதைப் பழைய பஞ்சாங்கம் என்று யார் சொன்னாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இனி உங்கள் ஆட்டம். யாரையும் நம்பாத ஒருவன் ஒரே பெண்ணால் திரும்பத் திரும்ப உயிர் பிழைக்கிறான். உங்கள் 12 பக்கத்தில் இதைவிட நல்ல கதை இருக்கிறதா? இருக்காது. அந்தக் கதை ஆறு மாதமாக உங்கள் கண்முன் நடக்கிறது. நீங்களோ எழுந்தவுடன் ஹிட் பாயின்டைக் குறித்துக்கொண்டு, அடுத்து யாரைக் குத்தலாம் என்று பார்க்கிறீர்கள். அடுத்த முறை எழும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: கண்ணைத் திறந்தவன் முதலில் யாரைப் பார்த்தான், கையை நீட்டினானா, தட்டிவிட்டானா. குரல் மாற்ற வேண்டாம். "அவள் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்து எழுகிறான்" என்று படர்க்கையில் சொன்னாலே போதும், அதுவும் ரோல்பிளேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். பாதி டி.எம். பேச்சுக்குப் போகிறது என்று வைத்தாலும் மிச்சம் 90; ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் உங்களுக்கு 18 நிமிடம். நீங்கள் பயிற்சி கேட்பது அந்த 18 நிமிடத்துக்கு. மீதி 162 நிமிடம் என்ன செய்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பெயர் ஞாபகம் இல்லாததிலிருந்து நானே ஊகித்துக்கொண்டேன்.

அந்த நேரத்துக்கு ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள், போன் வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே கேரக்டரின் பெயர், கீழே அவர்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்கள், உங்கள் ரோக் அவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான். ஒரு செஷனில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி சேர்ந்தால் போதும். அதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் குனிந்த தலை நிமிராது, அதுவும் கேட்காமல் இருப்பதுதான். அந்த வரியிலிருந்து செஷனுக்கு ஒரு கேள்வி, உங்கள் கேரக்டர் வாயால், இன்னொரு கேரக்டரைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி உதவாது. "உன் கடவுள் என்னை ஏன் காப்பாற்றச் சொல்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிராளி யோசிக்க எடுக்கும் சில விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் ஜோக் அடிப்பதுதான் பெரும்பாலும் காட்சியைக் கெடுக்கிறது. சண்டை நடுவே இதெல்லாம் நடக்காது. குறுகிய ஓய்வு, இரவுக் காவல் இரண்டும்தான் இடம். பல குழுக்கள் "ஓய்வெடுத்தோம்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுகின்றன. அங்கே இரண்டு நிமிடம் வேண்டும் என்று டி.எம்.மிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

12 பக்க முன்கதையை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். அநாதை, அதுவும் யாரையும் நம்பாத அநாதை: புதிதாக வருகிற பாதிப் பேர் இதைத்தான் எழுதுகிறார்கள், காரணமும் தெரிந்ததே. அப்பா அம்மா உயிரோடு இருந்தால் பதில் சொல்ல வேண்டும். செத்தவர்கள் எதையும் கேட்கமாட்டார்கள், டி.எம்.முக்கும் பிடித்து இழுக்க ஒரு நூல் கிடைக்காது. அந்த ஒரு பக்கத்தில் உயிரோடு இருக்கும் மூன்று பேரைப் பெயரோடு எழுதுங்கள்: ஒருவருக்கு உங்கள் ரோக் துரோகம் செய்திருக்கட்டும், ஒருவர் அவனைத் தேடட்டும், ஒருவர் அவன் அனுப்பும் பணத்தை நம்பி இருக்கட்டும். கூடவே, இன்னும் மூன்று செஷனுக்குள் நடக்கக்கூடிய ஓர் ஆசை. பழிவாங்குவேன் என்பது மாதிரி தொடுவானத்தில் நிற்கும் ஆசை வேண்டாம்.

திருட்டு விஷயத்தில் உங்கள் நண்பர்கள் கடுப்பானது சரி. "என் கேரக்டர் அப்படித்தான்" என்பது பதிலே இல்லை. அவனை எழுதியது நீங்கள், காரணத்தை மாற்றி எழுதவும் உங்களால் முடியும். திருடக் கை நீளுகிறதா? விளையாட்டுக்கு வெளியே, "இப்படி ஒன்று செய்யட்டுமா, உனக்குச் சரியா?" என்று பணத்துக்குரியவரிடம் கேளுங்கள். சரி என்றால் அவரும் சேர்ந்து நல்ல காட்சி ஆக்குவார். வேண்டாம் என்றால் உங்கள் ரோக் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கட்டும், ஏன் மூடினான் என்று சொல்லுங்கள். எடுத்த பணத்தை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

குரலுக்கு வருவோம், இதில் சொல்ல அதிகமில்லை. தொண்டையை விட்டுவிட்டு வேகத்தை மாற்றுங்கள். உங்கள் ரோக் ஆறு சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியத்தில் பேசமாட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கேள்விக்குப் பதில் சொல்லுமுன் வாசலைப் பார்ப்பான். ஒரு பழக்கம் போதும், அதை ஒவ்வொரு செஷனிலும் விடாமல் செய்ய வேண்டும். பேச்சுவார்த்தைக் காட்சியில் வசனம் வராவிட்டால் மூன்றைச் சொல்லுங்கள்: என்ன வேண்டும், எப்படிக் கேட்கிறான், பதிலுக்கு என்ன தருகிறான். மிச்சத்தை டைஸ் பார்த்துக்கொள்ளும்.

சண்டையிலும் கொஞ்சம் அடங்குங்கள். இரண்டாம் லெவலிலேயே உங்களுக்குக் கன்னிங் ஆக்‌ஷன் வந்துவிட்டது. குத்திவிட்டு, போனஸ் ஆக்‌ஷனில் டிஸ்எங்கேஜ் செய்து, அதாவது விலகும்போது எதிரி குத்த இடம் தராமல், பின்வாங்கினால் விழுவது பாதியாகக் குறையும், தங்கைக்கு ஸ்லாட் மிஞ்சும்.

2014 விதிகளில் இன்ஸ்பிரேஷன் என்று ஒன்று இருக்கிறது. கேரக்டரின் குணத்துக்கும் குறைக்கும் ஏற்ப ஆடினால் டி.எம். தரலாம், ஒரு முறை 20 பக்க டைஸை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்களிடம் இருப்பதை, நன்றாக ஆடிய இன்னொருவருக்கு நீங்களே கொடுக்கலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு வருமுன் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: க்ளெரிக் அவள் ஆசைப்பட்டு எடுத்ததா, யாராவது எடுத்தாக வேண்டும் என்று அவள் தலையில் விழுந்ததா? விழுந்தது என்றால் வேறு கேரக்டருக்கு மாற வழி கேட்டு டி.எம்.மிடம் பேச வேண்டியது நீங்கள்தான், அவள் அல்ல. எப்படியானாலும் அடுத்து ஊருக்குள் போகும்போது 50 பொற்காசு கொடுத்து ஒரு ஹீலிங் போஷன் வாங்கி வையுங்கள். இரண்டு நான்கு பக்க டைஸை உருட்டி, கூட்டல் இரண்டு: அத்தனை ஹிட் பாயின்ட் திரும்பும். விழுந்தவளை எழுப்ப அது தாராளம். அதை அவளுக்குப் புகட்ட உங்கள் முழு ஆக்‌ஷன் செலவாகும், அந்த முறையில் ரோக்கின் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக் கிடையாது. போகட்டும்.